ஆடலாசிரியரும் மத்தளகாரரும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றின் கலைவிழாவுக்குச் சில காலத்திற்கு முன் போயிருந்தேன். நிகழ்ச்சிநிரலில் 'தற்கால நடனம்' என்று ஒரு வரி இருந்தது. பல்கலைக்கழகத்தில் நடனம் பயின்று பட்டம் பெற்று வந்த இளம் ஆசிரியை ஒருவர் பழக்கிய ஆட்டம் அது. கரைவலை இழுக்கும் தொழிலைப் பொருளாக எடுத்துக்கொண்டு, பரதத்தின் அடவுகள் சிலவற்றையும், நாட்டுக்கூத்தின் மிதிகள் சிலவற்றையும், மேலைநாட்டார் பாணியில் நிலத்தில் உருண்டெழும் அசைவுகள் சிலவற்றையும் சேர்த்து அவர் அமைத்திருந்தார். ஒன்பது பிள்ளைகள் ஆடினார்கள். இசை ஒரு கைத்தொலைபேசியிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டம் பாதியில் நிற்கையில் மின்சாரம் போய்விட்டது. பிள்ளைகள் ஒன்பது பேரும் வலை இழுத்த கையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். ஆசிரியை மேடையோரத்துக்கு ஓடிவந்து கையால் தாளம் தட்டிச் சொற்கட்டும் சொல்லிப் பார்த்தார். இரண்டு பிள்ளைகள் தொடர்ந்தார்கள், மற்றவர்களால் முடியவில்லை. சபையில் சிரிப்பு எழுந்தது. ஒரு சின்னப் பிள்ளை அழத் தொடங்கியது.

என் பக்கத்தில் கொட்டியாரப் பக்கத்திலிருந்து பேத்தியின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த முதியவர் ஒருவர் இருந்தார். அந்தக் காலத்தில் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, "தம்பி, கரண்ட் போனதால பிள்ளைகள் நிக்கேல்ல. ஆரும் அதுகளப் பார்த்து வாசிக்கேல்ல, அதுதான் நின்டதுகள்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே இன்றைய உரையை அமைத்துக்கொள்கிறேன். நடனம் பல்கலைக்கழகத்துள் நுழைந்தபோது ஆடலாசிரியருக்கு அங்கே ஓர் ஆசனம் கிடைத்தது. ஆடுபவரைப் பார்த்து வாசிக்கின்ற மனிதருக்கு என்ன கிடைத்தது? இது கலைவரலாற்றில் ஒரு சிறு கேள்வியாகத் தோன்றலாம். அப்படியன்று என்பது என் எண்ணம்.

நமக்கு மிகப் பழைய விடை ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் அறிவார்கள். மாதவி ஐந்து வயதிற் பயிற்சி தொடங்கி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அரசன் முன் ஆடுகிறாள். இளங்கோவடிகள் அவளுடைய அழகைப் பாடுவதற்கு முன்னர் அவளுக்குக் கற்பித்தவர்களின் தகுதியை வகுத்துச் சொல்கிறார். ஆடலாசிரியன் எப்படி இருக்கவேண்டும், இசையாசிரியன் எப்படி இருக்கவேண்டும் என்று தொடங்கி, பாட்டெழுதும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். அரங்கின் நீள அகலம் கூட அதன் பின்னரே. இன்றைய மொழியிற் சொன்னால், ஒரு நடனபீடத்தின் ஆசிரியர் குழாமும் அவர்களுக்குரிய தகைமைப் பட்டியலும் அது. கவனிக்கவேண்டியது என்னவென்றால், அப்பட்டியலில் 'பக்கவாத்தியம்' என்றொரு வகுப்பே இல்லை. தண்ணுமையோனுக்கும் ஆடலாசிரியனுக்கும் ஒரே வரிசையில்தான் இடம். வாத்தியங்கள் ஒன்றையொன்று மூடிவிடாமல் நிரவவேண்டும், ஆடலில் இடைவெளி விழும் இடத்தைத் தாங்கவேண்டும் என்பன போன்ற நுட்பங்களைத் தண்ணுமையோனின் தகுதியாகவே காப்பியம் கேட்கிறது. முதியவர் சொன்ன 'பார்த்து வாசித்தல்' இதுதான்.

இந்தக் காதைக்கும் கிழக்கிலங்கைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், தம் வாழ்நாள் உழைப்பான யாழ் நூலை அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகளுக்கான விரிவுரை என்றே கருதினார். ஒரு வாத்தியகாரனின் தகுதியைச் சொல்லும் இருபத்தைந்து அடிகளை விளங்கிக்கொள்ள ஒரு பேரறிஞருக்கு ஏறத்தாழ வாழ்க்கை முழுவதும் வேண்டியிருந்தது! அவர் விஞ்ஞானம் பயின்றவராதலால் கணிதத்தின் துணையும் வேண்டியிருந்தது. 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறிற்று. அடுத்த மாதமே, ஜூலை 19ஆம் நாள், அவர் மறைந்தார். 1920களில் அவர் நமது திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றுப் பணியாற்றியதை இந்நகரத்துப் பழையவர்கள் பெருமையோடு சொல்வார்கள். நாடகத்தைப் பற்றிய அவருடைய மதங்க சூளாமணி வெளிவந்ததும் அந்தப் பத்தாண்டில்தான், 1926இல்.

மதங்கசூளாமணி என்பது திருநீலகண்ட யாழ்ப்பாணரின் துணைவியார் பெயருமாகும். யாழ்ப்பாணர் யார் என்பது நேயர்களுக்குத் தெரியும். திருஞானசம்பந்தரோடு தலந்தோறும் சென்று பதிகங்களை யாழில் வாசித்தவர். நம் கோணமலையைப் பாடிய சம்பந்தர்தாம் அவர். தருமபுரத்தில் ஒரு பதிகத்தின் இசை யாழ் நரம்புக்குள் அடங்காமற்போக, பாணர் யாழை உடைக்க முற்பட்டார் என்று பெரியபுராணம் சொல்லும். பக்தர்கள் அதைச் சம்பந்தரின் பெருமையாகக் கொள்வார்கள். எனக்கு அது பாணரின் பெருமையாகவும் தோன்றுவதுண்டு. பாடுகிறவனோடு ஒரு மயிரிழையும் பிசகாமற் போகவேண்டும் என்று எண்ணியவனுக்குத்தானே தன் கருவியின் மீது அத்தனை கோபம் வரும்? இது வழியில் வந்த பேச்சு. நம் பொருளுக்குத் திரும்புவோம்.

மட்டக்களப்பு, திருகோணமலைப் பகுதிகளின் நாட்டுக்கூத்திலே ஆடலாசிரியனும் இசையாசிரியனும் தண்ணுமையோனும் ஒருவராகவே இருந்தார்கள். அவரை அண்ணாவியார் என்கிறோம். மத்தளத்தை இடுப்பிற் கட்டிக்கொண்டு, வாயாற் பாடி, காலால் மிதி காட்டி, கண்ணாற் பிழை பிடித்து, ஊரிளைஞரை மாதக்கணக்கில் பழக்குவார். முதலிற் சட்டங்கொடுத்தல், அதாவது யாருக்கு எந்தப் பாத்திரம் என்று நிச்சயித்து ஏட்டைப் பிரித்துக் கொடுத்தல். பிறகு சதங்கை அணிதல். பிறகு கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். அதன் பின்னர் வீட்டுக்கு வீடு ஆடுவதும் உண்டு. ஒவ்வொன்றும் ஊர்ச் சடங்கு; ஒவ்வொன்றும் ஒரு பரீட்சை. பல்கலைக்கழகங்கள் இன்று பருவப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை என்று நடத்துவதை அண்ணாவியார் வேறு பெயரில் நடத்தினார்.

இன்னுமொன்று. கூத்தின் வட்டக்களரியில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும் களரியின் நடுவே நிற்பார்கள். ஆடுவோர் அவர்களைச் சுற்றியே ஆடுவார்கள். ஆடுகிறவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணாவியாரின் பார்வை அவன் மீது இருக்கும். களைத்துப்போனவனுக்குத் தாளத்தைச் சற்று நிறுத்திப் பிடிப்பார். திறமையாக ஆடுகிறவனுக்குத் துரிதப்படுத்துவார். சக்கரத்துக்குக் குடம் எப்படியோ அப்படிக் களரிக்கு அவர். இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இந்தக் கூத்து எப்போது பல்கலைக்கழகத்துள் வந்தது? அதற்கு முதலிற் சிங்கள நாடக உலகத்தைப் பார்க்கவேண்டும். பேராதனையில் விரிவுரையாளராயிருந்த எதிரிவீர சரச்சந்திர, 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். அதன் பின் சிங்கள நாடகத்தின் போக்கே மாறியது என்பர். சரச்சந்திர எடுத்துக்கொண்ட வடிவம் 'நாடகம' எனும் கிராமியக் கூத்து. நம் நாட்டுக்கூத்திலிருந்து கிளைத்த வடிவம் அது. அதற்கு அடிக்கும் மேளத்தை மத்தளய என்றும், 'தெமள பெரய' என்றும் சொல்வார்கள். தெமள பெரய என்றால் தமிழ் மேளம். மாணவர்களுக்கு அந்தப் பாட்டையும் ஆட்டத்தையும் பழக்கியவர் சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற கிராமிய ஆசான். பல்கலைக்கழக மாணவர்கள் அவர் முன்னிலையில் அமர்ந்து பாடம் கேட்டார்கள். இலங்கையில் பட்டமற்ற ஒரு கலைஞரின் காலடியில் பட்டதாரிகள் அமர்ந்த காட்சிக்கு இது ஒரு முதன்மையான சான்று.

பேராதனையின் தமிழ்ப் பக்கத்தில் அதே காரியத்தைச் செய்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். விபுலாநந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக இருந்த நாட்களில் அங்கே படித்தவர் இவர். கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் ஊரூராகப் போய்க் கூத்துகளைத் தேடினார். ஏடுகளாகக் கிடந்தவற்றை அச்சேற்றினார். அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார். பேராதனை மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலிவதை என நான்கு தயாரிப்புகளை அளித்தார். இராவணேசனை எழுதியவர் அப்போது மாணவராயிருந்த சி. மௌனகுரு. ஆட்டமும் பாட்டும் பழக்க வந்தவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார்.

அக்காலத்துப் பேராதனையைக் கற்பனை செய்து பாருங்கள். ஆங்கிலத்தில் விரிவுரைகள் நடந்த இடம். மேலங்கி அணிந்த பேராசிரியர்கள், விடுதிகளில் கத்தி முள்ளோடு சாப்பாடு. அங்கே வேட்டியும் சால்வையுமாக ஓர் அண்ணாவியார் மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். மகாவலி ஓரத்துக் குன்றுகளில் தாளக்கட்டு எதிரொலிக்கிறது. 'கூத்தாடிகளின் காரியம்' என்று யாழ்ப்பாணத்துப் படித்த வர்க்கம் முகஞ்சுழித்த ஒன்று, பல்கலைக்கழகப் பேராசிரியரின் பெயரோடு பத்திரிகைகளில் வரத் தொடங்கியது. இதன் சமூகப் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஆயினும் கூத்து அங்கே வந்தபோது இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. விடிய விடிய ஆடிய கூத்து ஓரிரு மணித்தியாலத்துக்குச் சுருங்கியது. வட்டக்களரி போய்ப் படச்சட்ட மேடை வந்தது. முன்னதைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். பின்னதைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்ல விரும்புகிறேன். படச்சட்ட மேடையில் சபை ஒரு பக்கத்தில்தான் உண்டு. நடுவில் நிற்கின்ற அண்ணாவியார் அங்கே மறைப்பாகிவிடுகிறார். ஆகவே அவரும் மத்தளமும் பிற்பாட்டும் மேடையின் ஓரத்துக்குப் போனார்கள். வித்தியானந்தன் அவர்களைச் சபை காண வைத்தே நடத்தினார், மறைக்கவில்லை. என்றாலும் நடுவில் நின்றவர் ஓரத்துக்குப் போனது போனதுதான். குடம் சக்கரத்தின் விளிம்புக்கு வந்துவிட்டது. வேறு வழி இருந்ததா என்றால், அந்தக் காலத்து மண்டபங்களில் இருந்ததாகத் தெரியவில்லை. குறையாக இதைச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இதே கேள்வியை உலகின் மற்றப் பக்கங்களில் எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்பது சுவையானது. நடனத்துக்கென்று பட்டப்படிப்பை முதன்முதலில் அமைத்தது அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம், ஆண்டு 1926. அதை அமைத்த மார்கரெட் டப்ளர் அம்மையார் நடனக்காரியே அல்லர். உயிரியல் படித்துக் கூடைப்பந்து பழக்கியவர்! உடலின் அசைவை விஞ்ஞானமாகக் கற்பித்தார். இதனால் நடனம் பல்கலைக்கழகத்துக்கு ஏற்ற பாடமாயிற்று. நியாயந்தான். ஆனால் தற்கால நடனம் என்று இன்று நாம் சொல்வதற்கு உருக்கொடுத்தவர்களில் ஒரு பியானோக்காரரும் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

லூயி ஹோர்ஸ்ட் என்பது அவர் பெயர். டெனிஷோன் என்ற நடனக் குழுவுக்கு 1915இல் இரண்டு வாரத்துக்கு மட்டும் பியானோ வாசிக்க வந்தவர், பத்தாண்டு தங்கிவிட்டார். பின்னர் மார்த்தா கிரஹாமின் இசை நெறியாளராக 1948 வரை இருந்தார். பென்னிங்டன் கல்லூரியில் 1934இல் தொடங்கிய கோடைக்கால நடனப் பள்ளியில் அவர் கற்பித்தது இசையை அன்று; நடனம் அமைப்பதை. பழைய ஐரோப்பிய ஆட்ட வடிவங்களின் இசைக் கட்டமைப்பை எடுத்துக்காட்டி, ஓர் ஆட்டத்துக்கு எலும்பும் மூட்டும் எங்கே வரவேண்டும் என்று அந்தத் தலைமுறை நடனக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பியானோக்காரரே. வாத்தியகாரன் ஆடலாசிரியனான வரலாறு அது. நம் அண்ணாவியாருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது.

சியாட்டில் நகரத்துக் கோர்னிஷ் கலைப்பள்ளிக் கதை இன்னும் விசேடமானது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜோன் கேஜ் 1938இல் அங்கே நடன வகுப்புக்கு வாசிப்பவராகச் சேர்ந்தார். 1940இல் சிவில்லா ஃபோர்ட் என்ற கறுப்பின நடன மாது ஆபிரிக்கச் சாயலில் ஓர் ஆட்டத்தை அமைத்தபோது தோல்வாத்தியங்களின் முழக்கம் வேண்டியிருந்தது. மேடையோ ஒரு பியானோவுக்கு மட்டும் இடங்கொடுக்கும் அளவு. கேஜ் பியானோவின் கம்பிகளுக்கிடையே பொருட்களைச் செருகிப் பார்த்தார். தட்டை வைத்தார், துள்ளியது. ஆணியை வைத்தார், நழுவியது. மரையாணியைச் செருகினார், நின்றது. பியானோ முழவாயிற்று. இருபதாம் நூற்றாண்டு இசையின் புதுமைகளுள் ஒன்றாக இன்று போற்றப்படும் அந்த மாற்றுப் பியானோ, ஒரு நடனக்காரியின் காலுக்கு வாசிக்க வேண்டும் என்ற அவசரத்தில் பிறந்தது. அதே பள்ளியில் மாணவராயிருந்தவர் மேர்ஸ் கன்னிங்ஹாம். பிற்காலத்தில் இவ்விருவரும் சேர்ந்து, இசையும் ஆட்டமும் ஒன்றையொன்று தழுவாமல் ஒரே நேரத்தில் தனித்தனியே நிகழலாம் என்ற கொள்கையை வகுத்தார்கள். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நெடுங்காலம் ஒன்றாகப் பழகியவர்கள் தெரிந்தே பிரிவது வேறு. பழகாமலேயே பிரிந்திருப்பது வேறு. கைத்தொலைபேசியில் பாட்டைப் போட்டுவிட்டு 'இதுதான் தற்காலம்' என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்தியாவிலும் இதற்கு உதாரணம் உண்டு. உதயசங்கர் அல்மோராவில் நிறுவிய கலாசார நிலையத்தில் கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான், பரதத்துக்குக் கந்தப்ப பிள்ளை என்று பெரும் ஆசான்கள் ஒருங்கே இருந்தார்கள். கந்தப்ப பிள்ளை பாலசரஸ்வதியின் நட்டுவனார். அவர் அல்மோராவுக்குப் போனதால் பாலசரஸ்வதி தம் ஆசானைப் பிரிய நேர்ந்தது. 1941இல் ஆசான் காலமானார். அல்மோரா நிலையமும் 1944இல் மூடப்பட்டது. புதிய நிறுவனம் ஒன்று பழைய ஆசானை அழைத்துக்கொள்ளும்போது அவர் விட்டுவந்த இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை இந்தக் கதை சொல்கிறது.

ஆனால் வரலாறு சில சமயம் சுற்றி வந்து கணக்கைச் சரிசெய்யும். அதே பாலசரஸ்வதி 1962இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். அவருடைய தம்பி ரங்கநாதன் அங்கே மிருதங்கம் கற்பித்தார். மற்றத் தம்பி விசுவநாதன் புல்லாங்குழலும் பாட்டும் கற்பித்தார். அங்கே மிருதங்கம் தனிப் பாடம். மிருதங்கம் கற்பிப்பவர் தாமே ஓர் ஆசிரியர். ஆடலாசிரியை, தண்ணுமையோன், குழலோன் மூவரும் ஒரு குடும்பத்தவர்; ஒரு பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள். அரங்கேற்று காதையின் வரிசை கனெக்டிகட் மாநிலத்தில் மறுபடி அமைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நம் நாட்டுக்கு வருவோம். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகம் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்லடியில் 1982இல் தொடங்கிய சுவாமி விபுலாநந்த இசை நடனக் கல்லூரி, 2000களின் தொடக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இன்று விபுலாநந்தர் பெயரிலேயே அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருக்கிறது. நடனம் படிக்க விரும்பும் திருகோணமலைப் பிள்ளைகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றுக்கே போகிறார்கள். நம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று உண்டு. நடனத்துக்குக் கல்லடிக்குத்தான் போகவேண்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் 1986இல் முழுப் பல்கலைக்கழகமாகவும் அது அமைந்த இடம் வந்தாறுமூலை. செல்லையா அண்ணாவியாரின் ஊர்! 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தை நோக்கி அண்ணாவியார் போனார். இருபது வருடத்துக்குள் பல்கலைக்கழகமே அவருடைய ஊருக்கு வந்துவிட்டது. இராவணேசனை எழுதிய மௌனகுரு 1990களில் அங்கேயே நுண்கலைத் துறையில் பணியாற்றினார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1998இல் நூலாகவும் வந்தது. பறை, உடுக்கு, சங்கு என்று நம் ஊர்களின் வாத்தியங்களைச் சேர்த்து 'இன்னியம்' என்ற அணி ஒன்றும் அந்தத் துறையில் 1990களின் பிற்பகுதியில் உருவாயிற்று. விழாக்களில் வெளிநாட்டுப் பாண்டு வாத்தியம் பிடித்திருந்த இடத்துக்கு அது வந்தது. யுத்தத்தின் நடுவே இதெல்லாம் நடந்தது. 1990 செப்டெம்பரில் அதே வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களுள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அந்த மத்தள ஒலியை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் இருக்க, என் மனக்குறை என்ன? நிரந்தர விரிவுரையாளர் பதவிக்குப் பட்டம் வேண்டும். அந்த விதி நியாயமானதே. அதைத் தளர்த்தினால் வேறு கதவுகள் திறந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அண்ணாவியாரிடம் பட்டம் இல்லை. ஆகவே அவர் அழைப்பின் பேரில் வந்து போகிறவராகிறார். அவரிடம் கற்று, அவரைப் பற்றி ஆய்வெழுதி, பட்டம் பெற்றவர் விரிவுரையாளராகிறார். அண்ணாவியார் ஆய்வின் பின்னிணைப்பில் 'தகவல் தந்தோர்' வரிசையில் நிற்கிறார். ஓரத்துக்குப் போனவர் இன்னுமொரு படி தள்ளிப் போகிறார். இதில் யாரையும் குற்றஞ்சாட்டுவதற்கில்லை. நல்லவர்கள் கூடி நல்ல நோக்கத்தோடு செய்த காரியங்களின் விளைவு இது. அதனால்தான் திருத்துவதும் கடினமாயிருக்கிறது.

மாணவர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். நடனம் படிக்கும் பிள்ளை பரதத்தை முதன்மையாகக் கற்கிறாள், நட்டுவாங்கமும் கற்கிறாள், கூத்தும் தற்கால அசைவுகளும் சிறிது சிறிது வருகின்றன. வகுப்பில் மிருதங்கக்காரர் இருக்கிறார். பரீட்சைக்கும் வாத்தியங்கள் உண்டு. பட்டம் பெற்று ஊர்ப் பாடசாலைக்கு ஆசிரியையாக வரும்போது அவளோடு வருவது தட்டுக்கழியும் மணையும் கைத்தொலைபேசியும் மட்டுந்தான். பாடசாலையில் நடன ஆசிரியைக்கு ஓர் இடம் இருக்கிறது. அவளுக்கு வாசிப்பவருக்கு இடம் இல்லை. முன்பு ஒலிநாடா இருந்தது, பின்பு இறுவட்டு வந்தது, இன்று தொலைபேசி. கருவி மாறியதே ஒழிய வெற்றிடம் மாறவில்லை. சந்திரலேகா தம் கடைசிப் படைப்பான 'சரீர'த்துக்கு, 2001இல், குந்தேசா சகோதரரின் துருபத் இசையை மேடையில் நேரே பாட வைத்தார். தற்கால நடனத்தின் முன்வரிசையில் நின்ற அவருக்கே உயிருள்ள குரல் வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

கலைவிழாவுக்குப் பிறகு அந்த முதியவரை ஒருமுறை போய்ப் பார்த்தேன். இப்போது கிண்ணியாப் பாலத்தால் போய்விடலாம்; 2009க்கு முன் அந்த இடத்தில் பாதைப் படகுக்குக் காத்து நிற்கவேண்டும். 2006இல் இடம்பெயர்ந்தபோது மத்தளத்தை வீட்டில் விட்டுப் போனதாகச் சொன்னார். திரும்பி வந்தபோது வீடே இருக்கவில்லை. மத்தளத்தைப் பற்றி யார் கேட்பது? இப்போது வைத்திருப்பது ஒரு கோயிலில் கிடந்தது. வார் தளர்ந்து போய்விட்டது. புதிது போட ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

நான் போன வேளையில் அந்த ஆசிரியையும் அங்கே வந்திருந்தார். கலைவிழா நடந்து மூன்றாம் கிழமையே தேடி வந்துவிட்டாராம். திண்ணையில் சப்பணமிட்டு இருந்து, கொப்பியில் தாளக்கட்டு எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து எவ்வளவு, ஓய்வு எவ்வளவு என்று கோடு போட்டு, பல்கலைக்கழகத்தில் பழகிய ஒழுங்கோடு எழுதியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்ப முற்பட்டார், இருக்கச் சொன்னேன்.

"அண்ணாவியார், இந்த மூன்றாம் வரி சரியோ?" என்று வாசித்துக் காட்டினார்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "எழுதினது சரி, பிள்ளை. ஆனா நீங்க அதில எங்க காலை வைப்பீங்க எண்டு எனக்குத் தெரியாது. எழும்பி ஆடிக் காட்டுங்க, வாசிக்கிறன்" என்றார்.

ஆசிரியை கொப்பியைத் திண்ணையில் வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினார். கிழவர் தளர்ந்த மத்தளத்தை மடியில் எடுத்துக்கொண்டார். நடு முற்றத்தில் ஒரு கதிரையைக் கொண்டுபோய் வைக்கும்படி பேத்தியிடம் சொன்னார். அங்கே போய் இருந்துகொண்டு, தன்னைச் சுற்றி வரச் சொன்னார்.